மைன்கிராஃப்ட் கல்லும் நம்ம ஊர்க் கல்லும்

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நாவலூர்



நம்ம பள்ளியில் மைன்கிராஃப்ட் என்றால் தெரியாத பிள்ளைகள் ரொம்பக் குறைவு. ஆனால் ஆசிரியர்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. அதனால் முதலில் அவர்களுக்காக நாலு வரி.

மைன்கிராஃப்ட் என்பது ஸ்வீடன் நாட்டில் உருவான ஒரு வீடியோ கேம். 2011-ல் முழுமையாக வெளிவந்தது. 2023-க்குள் உலகம் முழுக்க 30 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அந்த உலகத்தில் மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டிகள்தான். தோண்ட வேண்டும், தோண்டியதை வைத்துக் கருவி செய்ய வேண்டும், அந்தக் கருவியால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். இதுதான் விளையாட்டு. அதில் தோண்டுகிற பிக்காக்ஸ் வேறொன்றும் இல்லை, நம்ம வீட்டில் சொல்கிற பிக்காஸ்தான்!

சரி, இதைப் பற்றி அறிவியல் பக்கத்தில் எதற்கு எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டில் வருகிற கற்களில் சிலது நிஜம். சிலது பாதி நிஜம். சிலது முழுக் கற்பனை. "ரெட்ஸ்டோன் நிஜமாவே இருக்கா?", "நெதரைட் எங்க கிடைக்கும்?" என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதானே! அந்தக் கற்பனைக் கல் ஒவ்வொன்றுக்கும் நிஜ உலகத்தில் ஜோடி எது என்று தேடிப் பார்த்தேன். அதில் ஒரு ஜோடி நம்ம பக்கத்துப் பாறையிலேயே இருக்கிறது. அது எது என்று கடைசியில் சொல்கிறேன். நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்!

ஜோடி சேர்ப்பது எப்படி?

நிறத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தால் ஏமாந்து போவோம். உப்பும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. அதனால் ஒவ்வொரு கல்லிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

1. எவ்வளவு கடினம்? எதைக் கொண்டு கீற முடியும்?
2. எங்கே, எப்படி உண்டானது?
3. அது என்ன வேலை செய்யும்?

முதல் கேள்விக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1812-ல் பிரெடரிக் மோஸ் என்பவர் பத்து கனிமங்களை வரிசையாக வைத்தார். டால்க் 1, வைரம் 10. (முகத்துக்குப் போடுகிற பவுடரின் பெயர் 'டால்கம்' என்று வந்தது இந்த டால்க்கிலிருந்துதான்.) நம்ம விரல் நகம் ஏறக்குறைய 2.5. இரும்பு ஆணி 4.5. கண்ணாடி 5.5. குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல் 7. எண் பெரிதாக இருக்கிற கல், சின்னதாக இருக்கிற கல்லைக் கீறும். அவ்வளவுதான் விதி. நகமும் ஆணியும் இருந்தால் நாமும் சோதிக்கலாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தங்கம் — இது சரியான ஜோடி

விளையாட்டில் தங்கத்தில் பிக்காஸ் செய்தால் 32 தடவைதான் தாங்கும். மரத்தில் செய்தாலே 59 தடவை தாங்கும். "தங்கம் போய் மரத்தை விட மோசமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆனால் இது நிஜத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுத்தத் தங்கத்தின் கடினம் மோஸ் அளவில் சுமார் 2.5, அதாவது நகத்துக்குச் சமம். அதனால்தான் நகைக் கடையில் செம்பு மாதிரி வேறு உலோகம் கலந்து 22 காரட்டாகச் செய்கிறார்கள். விலை அதிகம் என்பதும் உறுதி அதிகம் என்பதும் வேறு வேறு!

வைரம் — பாதி சரி

விளையாட்டில் வைரப் பிக்காஸ் 1561 தடவை தாங்கும். நிஜத்திலும் வைரத்தைக் கீற வைரம்தான் வேண்டும். கிரானைட் பலகை அறுக்கிற ஃபேக்டரியில் வட்ட ரம்பத்தின் ஓரத்தில் பதித்திருப்பது வைரத் துகள்தான். ஆக, வைரத்தால் கல் வெட்டலாம் என்பது உண்மை.

ஆனால் கீறல் விழாது என்பது வேறு, உடையாது என்பது வேறு. வைரத்தைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் நொறுங்கிவிடும். இன்னொன்று, வைரம் என்பது வெறும் கார்பன். நம்ம அடுப்புக் கரியின் பெரிய அக்கா மாதிரி! காற்றில் சுமார் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைரமே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். விளையாட்டில் வைரம் எரிமலைக் குழம்பில் விழுந்தால் அழிந்து போவது இதனோடு பொருந்துகிறது.

உங்களுக்குத் தெரியுமா? 1720-களில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டுபிடிக்கும் வரைக்கும், உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். கோல்கொண்டா வைரம் என்று பேர் வாங்கிய கற்கள், இப்போதைய ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்றங்கரைப் பக்கம் இருந்த கொல்லூர் மாதிரி ஊர்களில் தோண்டி எடுத்தவை.

அப்சிடியன் — பெயர் சரி, பலம் தவறு

விளையாட்டில் எரிமலைக் குழம்பில் தண்ணீர் பட்டால் அப்சிடியன் உண்டாகும். அதை உடைக்கக் குறைந்தது வைரப் பிக்காஸ் வேண்டும். நிஜ அப்சிடியனும் எரிமலையில் பிறந்ததுதான். குழம்பு வேகமாக ஆறிவிட்டால், அதிலுள்ள அணுக்களுக்கு வரிசையாக நின்று படிகமாக நேரம் கிடைக்காது. பெல் அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் அப்படியே உறைந்து போன மாதிரி! அதற்குப் பெயர்தான் கண்ணாடி. அப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி. கடினம் 5 முதல் 5.5 வரை. சுத்தியல் பட்டால் சில்லு சில்லாகப் போகும். அந்தச் சில்லின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மையாக இருப்பதால், மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் அதில் கத்தி செய்தார்கள். ஆக, கோட்டை கட்ட அப்சிடியன் உதவாது. காய் நறுக்க உதவும்!

எமரால்டு — இதற்கு ஜோடி கொங்கு நாட்டில்

விளையாட்டில் கிராமத்து ஆட்களிடம் எமரால்டு கொடுத்துப் பொருள் வாங்கலாம். எமரால்டு என்பது நம்ம மரகதம். அது பெரில் என்கிற கனிமத்தின் பச்சை நிற வகை. அதே கனிமம் கடல் நீலமாக இருந்தால் அக்குவாமரின். அந்த நீலப் பெரில் காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே மணிக்கல் பட்டறையும், இரும்பு உருக்கிய உலையும் இருந்தது தெரிய வந்தது. ரோம் நாட்டோடு வியாபாரம் நடந்த காலம் அது. நல்ல பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடைப்பது அரிது என்று பிளினி என்கிற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். உலை, இரும்பு, மணிக்கல், வியாபாரம்! மைன்கிராஃப்ட்டில் செய்கிற எல்லாவற்றையும் கொடுமணல் ஆட்கள் முன்னாடியே செய்து முடித்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? மோஸ் அளவில் 9-ஆம் இடத்தில் இருக்கிற கனிமத்தின் ஆங்கிலப் பெயர் கொரண்டம். அது 'குருந்தம்' என்கிற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது! மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகள்தான். கத்தி தீட்டுகிற சாணைக்கல்லை அந்தக் காலத்தில் குருந்தப் பொடியும் அரக்கும் கலந்து செய்வார்கள்.

ரெட்ஸ்டோன் — ஒரு கல்லுக்கு மூன்று ஜோடி

இது முழுக் கற்பனை. சிவப்பாக இருக்கும், தொட்டால் ஒளிரும், அதன் தூளைத் தரையில் கோடாகப் போட்டால் மின்சாரம் மாதிரி சிக்னல் போகும். நிஜத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்கிற கல் எனக்குக் கிடைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் மூன்று ஜோடி கிடைக்கிறது.

நிறத்துக்கு ஜோடி சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம். சித்த மருத்துவத்தில் இந்தப் பெயர் வரும். பாதரசம் இருப்பதால் நாம் கையால் தொடக்கூடாது.

சிக்னல் போவதற்கு ஜோடி செம்புக் கம்பி. விளையாட்டில் சிக்னல் 15 கட்டி தூரம் போனதும் செத்துவிடும், நடுவில் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். நிஜத்திலும் கம்பி நீளமாக ஆக ஆக சிக்னல் குறையும். அதனால்தான் கேபிள் டிவிக்காரர்கள் நடுவில் பூஸ்டர் வைக்கிறார்கள்.

தொட்டால் ஒளிர்வதற்கு ஜோடி நம்ம வெள்ளைக்கல், அதாவது குவார்ட்ஸ். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் இரண்டு வெள்ளைக்கல்லை உரசிப் பாருங்கள். உள்ளுக்குள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து போகும். (சில்லு தெறிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.) குவார்ட்ஸ் இன்னொரு வேலையும் செய்யும். அதை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும். 1880-ல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்கிற அண்ணன் தம்பி இருவரும் படிகங்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். (பியர் கியூரிதான் மேரி கியூரி அம்மையாரின் கணவர்.) சுவர்க் கடிகாரத்தில் 'குவார்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு சின்னக் குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை எண்ணித்தான் கடிகாரம் நேரம் காட்டுகிறது.

என்னைக் கேட்டால் ரெட்ஸ்டோனுக்கு நல்ல ஜோடி குவார்ட்ஸ்தான். நிறம் மட்டும்தான் மாறுது, குணம் ஒத்துப் போகிறது.

க்ளோஸ்டோன் — நம்ம கடல் மணல்

விளையாட்டில் பாதாள உலகத்தில் தொங்குகிற விளக்குக் கல் இது. இதற்கு ஜோடி தேடினால் பெட்ரோமாக்ஸ் லைட்டில் வந்து நிற்கிறது! அந்த லைட்டில் வெள்ளை வெளேரென்று எரிகிற மேண்டிலில், தோரியம் ஆக்சைடு சேர்த்து வந்தார்கள். சூடானால் பிரமாதமாக வெளிச்சம் கொடுக்கும். கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆயர் வான் வெல்ஸ்பாக். தோரியம் கிடைப்பது மோனசைட் என்கிற மணலில். 1909-ல் ஷோம்பர்க் என்கிற ஜெர்மானியர் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம பக்கம் கல்பாக்கம் கடற்கரை மணலிலும் மோனசைட் இருக்கிறது. அது லேசாகக் கதிர்வீச்சு விடுகிற கனிமம். கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி என்கிற சின்ன அணு உலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து உண்டாக்கிய யுரேனியம்-233.

கடற்கரைக்குப் போனால் அலை வந்து போன இடத்தில் கறுப்பாகவும் சிவப்பாகவும் கோடு போட்ட மாதிரி மணல் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கறுப்பில் இல்மனைட், மேக்னடைட் இருக்கும். சிவப்பு கார்னெட். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பேப்பரில் சுற்றி அந்த மணலில் ஓட்டினால் மேக்னடைட் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். கனமான மணலை மட்டும் விட்டுவிட்டு, லேசான மணலை அலை இழுத்துப் போய்விடும். அரிசியைப் புடைக்கிற முறம்தான் கடலலை!

நெதரைட் — கேட்டதும் அரிட்டாபட்டி ஞாபகம் வரும்

நெதரைட் 2020-ல் விளையாட்டுக்குள் வந்த கற்பனை உலோகம். தனியாகக் கிடைக்காது. பாதாளத்தில் கிடைக்கிற நாலு துண்டோடு நாலு தங்கக் கட்டி சேர்த்தால் ஒரு நெதரைட் கட்டி. அதாவது இது ஒரு உலோகக் கலவை. எரிமலைக் குழம்பில் போட்டாலும் அழியாது.

எரிமலைக் குழம்பின் சூடு அதிகபட்சம் சுமார் 1200 டிகிரி. அதில் உருகாத உலோகம் எது? டங்ஸ்டன்! 3422 டிகிரியில்தான் உருகும். உலோகங்களிலேயே இதுதான் அதிகம். பழைய குண்டு பல்புக்குள் சுருள் சுருளாக இருந்த கம்பி டங்ஸ்டன்தான். போர் போடுகிற வண்டியின் முனையில் இருப்பதும் டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு. ஆக நெதரைட்டுக்கு ஜோடி டங்ஸ்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் விளையாட்டும் நிஜமும் மோதுகிற இடம் வருகிறது. 2024-ல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க ஒரு சுரங்கப் பகுதியை மத்திய அரசு ஏலம் விட்டது. அந்தப் பகுதியில் அரிட்டாபட்டியும் வந்தது. அரிட்டாபட்டி மலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் எல்லாம் இருக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மக்கள் போராடினார்கள். 2024 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

டங்ஸ்டன் தேவையில்லாத பொருள் இல்லை. போர்வெல் முனைக்கு வேண்டும், மெஷின் கருவிகளுக்கு வேண்டும். அதே நேரம் அந்த மலையும் வேண்டும். விளையாட்டில் 'இங்கே தோண்டலாமா?' என்று யாரையும் கேட்க வேண்டாம். நிஜத்தில் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே ஊர் இருக்கிறது.

டீப்ஸ்லேட் — நம்ம பாறை!

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த ஜோடி இதோ வந்துவிட்டது.

விளையாட்டில் உயர எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால் சாதாரணக் கல் முடிந்து, கறுப்பாக, இன்னும் கடினமாக ஒரு கல் வரும். அதுதான் டீப்ஸ்லேட். ஆழத்துச் சிலேட்டு என்று அர்த்தம். இந்தப் பெயர் பொருந்தவில்லை. சிலேட்டு என்பது களிமண் படிவு ஓரளவு அழுத்தத்தில் மாறிய கல். தகடு தகடாகப் பிரியும். அதனால்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதில் எழுதினார்கள். அதையே இன்னும் ஆழத்துக்குக் கொண்டு போய் அழுத்திச் சூடாக்கினால் சிலேட்டாக இருக்காது, வேறு பாறையாக மாறிவிடும்.

அப்படியென்றால் நிஜத்தில் ரொம்ப ஆழத்தில், கறுப்பாக, கடினமாக இருக்கிற பாறை எது? அதில் முக்கியமான ஒன்றின் பெயர் சார்னோக்கைட். பூமிக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில், தண்ணீர்ச் சத்து ரொம்பக் குறைந்த இடத்தில் உண்டாகிற பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அதோடு பைராக்சீன் வகைக் கனிமம் ஒன்று இதில் இருக்கும். புதிதாக உடைத்த இடத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவின மாதிரி கரும்பச்சை மினுமினுப்பு தெரியும்.

இந்தப் பாறை உலகத்துக்கு அறிமுகமான இடம் எது தெரியுமா? நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம்! 1893-ல் தாமஸ் ஹாலந்து என்கிற புவியியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதனால் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்லறையில் இருப்பவருடையது! பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர், செங்கல்பட்டுப் பக்கம் வரைக்கும் நாம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற பல மலைகள் இந்த வகைப் பாறைதான். வயசு சுமார் 250 கோடி வருஷம்.

இப்போது ஒரு கணக்கு. மனிதர்கள் பூமியில் போட்ட ஆழமான துளை ரஷ்யாவில் கோலா என்கிற இடத்தில் இருக்கிறது. 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். சார்னோக்கைட் பிறந்த ஆழத்தில் பாதி தூரம் மாதிரிதான் அது! அவ்வளவு கீழே போய் யாரும் இந்தக் கல்லை எடுத்து வரவில்லை. கோடிக்கணக்கான வருஷமாக மேலே இருந்த பாறையெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து கரைந்து போக, அடியில் இருந்தது தானாக மேலே வந்துவிட்டது. விளையாட்டில் கஷ்டப்பட்டு இறங்கிப் பார்க்கிற ஆழத்தை, நாம் பஸ் ஜன்னலிலேயே பார்த்துக்கொண்டு போகிறோம்.

உங்களுக்குத் தெரியுமா? இதே பல்லாவரத்தில்தான் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பழைய கற்காலக் கல் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அப்படி அடையாளம் கண்ட முதல் கருவி அதுதான். விளையாட்டில் மரத்துக்கு அடுத்து கல் கருவி வருமே, அந்தக் கட்டம்!

பெட்ராக் — உடையாத கல் உண்டா?

விளையாட்டின் அடித்தளம் பெட்ராக். எதனாலும் உடையாது. நிஜத்தில் பெட்ராக் என்றால் மண்ணுக்குக் கீழே இருக்கிற கெட்டிப் பாறை, அவ்வளவுதான். போர் போடும்போது "பாறை வந்துடுச்சு" என்பார்களே, அதுதான். சாம்பல் நிறத்தில் தூள் பறந்து வரும். உடையாத கல் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

அதற்குச் சாட்சி மாமல்லபுரம். பல்லவர் காலத்தில் டைனமைட்டும் இல்லை, மெஷினும் இல்லை. உளியும் சுத்தியலும்தான். அங்கே பாதியில் விட்ட குடைவரைகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டி, சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவில் நிற்கிற கட்டியைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். அப்படியே மைன்கிராஃப்ட் கட்டிகள்! பாறையில் வரிசையாகக் குழி வெட்டியிருப்பதையும் பார்க்கலாம். அதில் மரத்துண்டை அடித்துத் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறிப் பருத்துப் பாறையைப் பிளக்கும் என்று சொல்வார்கள். மரத்தால் கல்லை உடைப்பது விளையாட்டில் மட்டும் இல்லை!

விளையாட்டில் இல்லாத மூன்று விஷயம்

முதலாவது, எடை. விளையாட்டில் ஒரு கட்டி ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம். நிஜத்தில் அந்த அளவு கருங்கல் சுமார் 2.7 டன் இருக்கும். விளையாட்டில் ஒரு ஆள் பையில் 36 அறை, அறைக்கு 64 கட்டி. 36 x 64 = 2304 கட்டி. எடை 6,220 டன்! 20 டன் லாரியில் ஏற்றினால் 311 நடை. நம்ம ஓ.எம்.ஆர். சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 250 கோடி வருஷத்துக் கல் கிரஷரில் ஒரு நாளில் மணலாகிவிடுகிறது. வீடு கட்ட அது வேண்டும்தான். ஆனால் விளையாட்டில் மாதிரி 'புது உலகம்' என்று ஒரு பட்டனை அமுக்கி இன்னொரு மலை வாங்க முடியாது.

இரண்டாவது, தூசி. விளையாட்டில் எவ்வளவு கல் உடைத்தாலும் இருமல் வராது. நிஜத்தில் கல் உடைக்கும்போது பறக்கிற குவார்ட்ஸ் தூசி, கண்ணுக்கே தெரியாத அளவு நுணுக்கமானது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து சிலிக்கோசிஸ் என்கிற நோய் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். கல்லை நனைத்து வேலை செய்ய வேண்டும், தூசியைத் தடுக்கிற நல்ல மாஸ்க் போட வேண்டும். துண்டை மூக்கில் கட்டினால் போதாது. குவாரியிலோ, கிரஷரிலோ, சிற்பப் பட்டறையிலோ, டைல்ஸ் கட்டிங்கிலோ நம்ம வீட்டில் யாராவது வேலை செய்தால் இதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். இதைத் தம்பிகளுக்காக எழுதுகிறேன். விளையாட்டில் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் கீழே தண்ணீர் இருந்தால் அடிபடாது. கைவிட்ட கல்குவாரியில் தேங்கின தண்ணீர் அப்படி இல்லை. குளம் மாதிரி சரிவு கிடையாது. ஓரத்திலேயே சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். ஏறி வரப் படி இருக்காது, பிடிக்க வேர் இருக்காது. தண்ணீருக்கு அடியில் உடைத்த பாறை கூராக நிற்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே இறந்து போயிருக்கிறார்கள். லீவு நாளில் யார் கூப்பிட்டாலும் குவாரிக் குட்டைக்குப் போகாதீர்கள்.

ஒரே பார்வையில்

தங்கம் — தங்கமேதான்
வைரம் — வைரமேதான், ஆனால் அடித்தால் நொறுங்கும்
அப்சிடியன் — எரிமலைக் கண்ணாடி
எமரால்டு — பெரில் (படியூர்)
ரெட்ஸ்டோன் — குவார்ட்ஸ், செம்பு, சாதிலிங்கம்
க்ளோஸ்டோன் — மோனசைட் மணலின் தோரியம்
நெதரைட் — டங்ஸ்டன்
டீப்ஸ்லேட் — சார்னோக்கைட் (பல்லாவரம், பரங்கிமலை)
பெட்ராக் — மண்ணுக்கு அடியில் உள்ள எந்தக் கெட்டிப் பாறையும்

உங்களுக்கு ஒரு வேலை

வீட்டுப் பக்கத்தில் கிடைக்கிற ஒரு சின்னக் கல்லை எடுத்து வாருங்கள். நகத்தால் கீறுங்கள், ஆணியால் கீறுங்கள், முடிந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். எங்கே கிடைத்தது, எதனால் கீற முடிந்தது, காந்தம் ஒட்டியதா என்று மூன்று வரி எழுதி, கல்லோடு சேர்த்து அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். பெயர் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு ஜோடி சேர்ப்போம்.